படகு சவாரி: லைஃப் ஜாக்கெட் உங்கள் அளவுதானா?

குஜராத்தின் வதோதரா நகரில் உள்ள ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ஊட்டி, கொடைக்கானல், பிச்சாவரம் என்று கிளம்பும் நமக்கும் இது எச்சரிக்கை. ஆனால், ஏதோ ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டால் மட்டும் போதுமா?

எதைப் பார்த்து வாங்குவது?

வயதை அல்ல, உடல் எடையைப் பாருங்க. எத்தனை கிலோ எடைக்கானது, மிதக்கும் திறன் எவ்வளவு என்பது லேபிளில் இருக்கும். 50 நியூட்டன் ரகம் நீச்சல் தெரிந்தவர்களுக்கே. தெரியாதவர்களுக்கு 100 நியூட்டனுக்குக் குறையாமல், தலையைத் தாங்கும் காலரோடு இருக்கணும்.

சரியாகப் பொருந்துகிறதா?

பக்கிள்களை எல்லாம் மாட்டி, பட்டையை இறுக்குங்க. பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டைப் பகுதியில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்க. காது வரை ஏறினால் அது பெரிய சைஸ்.

குழந்தைகளுக்கு?

பெரியவர்களின் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் விழுந்ததும் தலைவழியாகக் கழன்றுவிடும். கால்களுக்கு இடையே மாட்டும் பட்டை உள்ளதைக் கேளுங்க. இல்லைன்னா படகில் ஏற்றாதீங்க. டிக்கெட் காசு போனால் போகட்டும்.