ஊர் பார்க்கப் போவோம்: புளியந்தீவுக் கோட்டை



சுவிசிலும் பிரான்சிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் போய் வருகிறார்கள். மலை உச்சியில் நிற்கும் கோட்டைகள், கல் பாவிய சின்னத் தெருக்கள், ஒலிவ் தோட்டங்கள் என்று படங்கள் வருகின்றன. அம்மாமார் அவற்றைக் கைத்தொலைபேசியில் அயலட்டைக்குக் காட்டுவார்கள். "எங்கட ஊரில பாக்கிறதுக்கு என்னகா இருக்கு?" என்ற பேச்சும் கூடவே வரும். இருக்கிறது. அந்த ஸ்பெயினோடு சம்பந்தப்பட்ட கோட்டையே இருக்கிறது.

புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் நாடு ஸ்பெயின் அரசரின் முடிக்குக் கீழேயே இருந்தது. ஆகவே எங்கள் வாவிக்கரையில் கல் அடுக்கிய நேரத்தில் அதற்கு அரசர் ஸ்பெயினின் நான்காம் பிலிப்பு. பத்து வருடம்தான் வைத்திருந்தார்கள். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதல் கோட்டை இதுதான். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் பீரங்கி வெடித்தபோது கரையோரத்துச் சனம் எங்கே ஓடியது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பற்றைக்குள் ஒளித்தது என்று நான் வாசித்த புத்தகங்களில் இல்லை. அதற்குப் புத்தகமும் தேவையில்லை. எமக்குத் தெரியும்.

போன தை மாதம் படுவான்கரையிலிருந்து எங்கள் சங்கத்துப் பெண்கள் பதினெட்டுப் பேர் இக்கோட்டையைப் பார்க்கவென்றே புறப்பட்டோம். புறப்படுவதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெயர் தந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் "செயலமர்வு" என்றுதான் சொல்லியிருந்தார்கள். கூட்டம், பயிற்சி, செயலமர்வு என்றால் மாமியாரும் விடுவார், மகனும் விடுவான். கோவில் என்றாலும் விடுவார்கள். சும்மா ஊர் பார்க்க என்றால் மட்டும், "புருசன் இல்லாதவளுக்கு என்ன உல்லாசம்?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும். முப்பது வருடமாகக் கூலிக்கும், நிவாரணத்துக்கும், ஆளைத் தேடியும் இந்த மாவட்டமெல்லாம் அலைந்தபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. அலையலாம், பார்க்கத்தான் கூடாது என்பது விசித்திரமான சட்டம்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து வாகனம் மண்முனைப் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் வாய் மூடிவிட்டார்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை அது படகுத்துறை. 2007வரை வாவிக்கு அந்தப்பக்கம் ஓர் ஆட்சி, இந்தப்பக்கம் ஓர் ஆட்சி. கடப்பதென்றால் வரிசை, அடையாள அட்டை, பையைக் கொட்டிக் காட்டுதல். அன்று இரண்டு நிமிடத்தில் கடந்தோம். ஆரையம்பதி, காத்தான்குடி, பிறகு கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்குத் தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயரை வைத்தார்கள். 2013இல் திறந்த புதுப் பாலம் பக்கத்திலேயே ஓடுகிறது. கோட்டைமுனைப் பாலத்தால் திரும்பினால் புளியந்தீவு.

கோட்டை பெரிதென்று சொல்ல முடியாது. ஏறக்குறையச் சதுரம், நான்கு மூலையிலும் கொத்தளம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கமும் வெட்டிய அகழி. மதில் மட்டும் நல்ல தடிப்பு. வாசலில் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை எழுத்துக்களைக் காணலாம். பழைய பீரங்கிகளும் உண்டு. ஸ்பெயினில் அரசாங்கமே 1928 தொடக்கம் விடுதிகள் நடத்தி வருகிறது. பழைய கோட்டைகளும் துறவி மடங்களும் பல அப்படி விடுதிகளாகின. எங்கள் கோட்டைக்குள் வந்தது கச்சேரி. பல காலம் மாவட்டத்தின் அலுவலெல்லாம் இந்த மதிலுக்குள்தான் நடந்தது.

அதனால்தான் எங்களோடு வந்த ஓர் அக்கா வாசலில் நின்றுவிட்டார். "நீங்க போங்ககா, நான் இதில இருக்கிறன்" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "இந்த வாசலால நான் எத்தினை தரம் வந்திருக்கன் தெரியுமா? மனிசன்ர படத்தையும் கடுதாசிக் கட்டையும் மடியில வைச்சுக்கொண்டு. ஒரு நாளும் நிமிந்து பாக்கல்ல." அவரை யாரும் இழுக்கவில்லை. இரண்டு பேர் அவரோடு வாசலிலேயே இருந்தார்கள். கால் மணித்தியாலம் போனபின் எழும்பி வந்து மதிலில் ஏறினார். மேலே காற்று. கீழே வாவி மினுங்கியது. ஒரு தோணி வலை இழுத்துக்கொண்டிருந்தது. "இவ்வளவு வடிவான இடமோ இது?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மற்றவர்களுக்கு வேறு கேள்விகள். சிப்பாய்மாருக்குச் சமைத்தது யார்? அவர்களின் மனைவிமார் எங்கே இருந்தார்கள்? சரித்திரப் பாடத்தில் நாங்கள் படித்ததெல்லாம் தளபதிமாரின் பெயர்கள். இந்தக் கேள்விகளை எந்த ஆசிரியரும் பரீட்சைக்குத் தரவில்லை.

கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துச் சாப்பிடும்போது ஸ்பெயினைப் பற்றி இன்னும் சொல் என்றார்கள். கோட்டைகளை விட்டுவிட்டு பெல்சித்தே என்ற ஊரைப் பற்றிச் சொன்னேன். அங்கே 1936 முதல் 1939 வரை உள்நாட்டு யுத்தம். 1937இல் அந்த ஊர் நொறுங்கிப் போனது. அதைத் திருத்தவில்லை. பக்கத்தில் புது ஊர் கட்டி, இடிந்ததை இடிந்தபடியே விட்டார்கள். இன்றைக்கும் சனம் போய்ப் பார்க்கிறது. யுத்தத்தில் காணாமற் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 2000ஆம் ஆண்டு தொடக்கம் தெருவோரப் புதைகுழிகளைத் தோண்டி, எலும்பைப் பரிசோதித்து, பெயரோடு அடக்கம் செய்து வருகிறார்கள். யுத்தம் முடிந்து அறுபது வருடத்துக்குப் பிறகு தொடங்கிய வேலை. "அறுபது வருசமோ?" என்று ஒருவர் விரலால் எண்ணிப் பார்த்தார். வாசலில் நின்ற அக்கா சோற்றைப் பிசைந்தபடி, "அப்ப என்ர பேத்தியும் தேடுவாள்" என்றார். அதற்குமேல் அதைப் பேசவில்லை.

பிற்பகல் நடந்தே சுற்றினோம். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிசனரி 1814இல் தொடங்கிய மத்திய கல்லூரி, மரியன்னை பேராலயம், காந்தி பூங்கா. வெயிலில் ஒரு பனிப்பழம் குடித்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் மிச்சம். மீன்பாட்டு. கல்லடிப் பாலத்தடியில், காற்று அடங்கிய நிலவு இரவில், தோணியின் துடுப்பை நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். லாங் அடிகளார் அதைப் பதிவு செய்தார், வானொலியிலும் ஒலித்தது. விபுலானந்த அடிகளார் நீரர மகளிர் பாடுவதாகவே அதைக் கற்பனை செய்தார். எங்களில் ஒருவர் மட்டும் கேட்டிருக்கிறார், சிறு வயதில் தகப்பனின் தோணியில். மற்றவர்களின் இளவயது இரவுகள் ஊரடங்கிலும் சுற்றிவளைப்பிலும் போய்விட்டன. அன்றும் கடைசி வாகனத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

ஆகவே சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் ஒரு பூரணை இரவு கல்லடியில் தங்குவதென்று தீர்மானித்திருக்கிறோம். தோணிக்காரரோடு பேசியாகிவிட்டது. ஒரு தோணிக்கு ஆறு பேர். பாய் ஒன்றும் போர்வை ஒன்றும் கொண்டு வாருங்கள், வாவிக்காற்று விடியப்புறம் குளிரும். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வீட்டில் செயலமர்வு என்று சொல்வதா, மீன்பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று சொல்வதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளுங்கள்.