பளபளப்பைப் பாராதீர், பில்லைக் கேளுங்கள்!

பழைய சொகுசுக் கார் வாங்கும் ஆசை நம் வியாபாரிகளிடம் பெருகி வருகிறது. புதிதில் 50, 60 லட்சம் விற்ற ஜெர்மன் கார், சில வருடம் ஓடியபின் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கிறது. வாங்குவது தவறென்று நாம் சொல்லவில்லை. வாங்கும் முறையைப் பற்றியே சொல்ல வருகிறோம்.

நாமும் ஒருமுறை ஏமாந்தவரே. வெளியூர்த் தரகர் ஒருவர் காட்டிய காரில் ஒரு கீறல் இல்லை. மீட்டரில் 48,000 கிலோமீட்டர். சர்வீஸ் விவரம் கேட்டோம். "புக் தொலைஞ்சு போச்சு அண்ணாச்சி, வண்டியப் பாருங்க" என்றார். பார்த்தோம், பணத்தைக் கொடுத்தோம். நான்காம் மாதம் கியர்பாக்ஸ் போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது, மூன்று வருடத்துக்கு முன்பே அது 91,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று தெரிந்தது. வாங்கிய விலையில் கால்பங்கு பழுதுச் செலவுக்கே போயிற்று.

மல்லி மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. நம் கடற்கரையில் 1961 வரை நடந்த முத்துச் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலே ஏலம் எடுத்தார்கள். அதற்கும் முன்னதாக மாதிரிச் சிப்பிகளைத் திறந்து மதிப்புப் பார்த்தார்கள். காருக்கு மாதிரி, அதன் பராமரிப்புக் கணக்குதான்.

முதலில் சர்வீஸ் பில்கள். தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறி வரவேண்டும். நடுவில் இரண்டு வருடம் பில் இல்லையென்றால், அந்த இரண்டு வருடச் செலவும் வாங்குபவர் தலையில்தான். எஞ்சின் ஆயில் பில் மட்டும் போதாது. கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட் மாற்றியதற்கும் பில் கேளுங்கள். விற்க நினைப்பவர் தள்ளிப்போடுவது இவற்றைத்தான். பெரிய வேலை செய்த பில் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தச் செலவை முந்தையவர் செய்துவிட்டார்.

அடுத்து இன்சூரன்ஸ். இழப்பீடு கேட்காதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். பாலிசியில் அது இல்லையென்றால் காரணத்தைக் கேளுங்கள்.

மூன்றாவது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்க முடியாது. 2015ல் சென்னையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டின் அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். உப்பளக் காற்றில் ஓடிய வண்டியை லிஃப்டில் தூக்கி அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும்.

ஒழுங்கான கணக்குள்ள வண்டிக்குப் பத்து சதவீதம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. கணக்கில்லாத வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே நமது கருத்து.

கடைசியாக ஒன்று. விற்கும்போது மீட்டரைத் திருப்பச் சொல்பவர் நம்மிடையேயும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். கடையில் எடைக்கல்லைக் குறைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பில்களை ஒரு ஃபைலில் சேர்த்து வைத்து, வாங்குபவர் கையில் கொடுங்கள். அதற்குரிய விலையும் கிடைக்கும். நம் பெயரும் நிற்கும்.