உண்ணிச்செடியை வளர்த்தது யார்?

காடுகளில் பரவிய அயல் செடியான உண்ணிச்செடியை எத்தனை ஹெக்டேரில் அகற்றினோம் என்று உயர் நீதிமன்றத்துக்கு வனத்துறை கணக்குக் கொடுக்கிறது. அயல் தாவரங்களுக்கென்று 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. நல்லது. ஆனால், அதே செடியின் பலநிறப் பூ வகைகள் நர்சரிகளில் இன்னும் விற்பனையாகின்றன. இது சிறிய ஓட்டை அல்ல. பிரச்சினையின் வேரே இதுதான். உண்ணிச்செடி அமெரிக்கக் காட்டிலிருந்து அப்படியே இறங்கியதல்ல. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வெவ்வேறு இனங்களைக் கலந்து, பூவுக்காகப் பொறுக்கியெடுத்து உருவாக்கிய கலப்பினம். 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்ததும் அழகுச் செடியாகத்தான்.

அயல் உயிரி வந்த நாளில் இருந்தபடியே இருக்கும் என்று நம் கொள்கை வகுப்பவர்கள் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரையை அவர்கள் படிக்க வேண்டும். கரும்பைக் கெடுக்கும் வண்டுகளை ஒழிக்க 1935-இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை, தேரை பெருகியது. முதலில் ஆண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பரவியது, எழுபது ஆண்டுகளில் 50 கிலோமீட்டரைத் தாண்டியது. முன்னணியில் செல்லும் தேரைகளுக்குக் கால் நீளம் என்று 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. வேகமானவைதான் புதிய நிலத்துக்கு முதலில் போய்ச் சேர்கின்றன. அங்கே அவற்றுக்கு இணையாகக் கிடைப்பவையும் வேகமானவையே. அதனால் குஞ்சுகளும் அந்த வேகத்தோடு பிறக்கின்றன. மனிதன் ஏற்றிவந்த உயிரி, மனிதன் திறந்துவிட்ட நிலத்தில், ஒரு மனித ஆயுட்காலத்துக்குள் உடலே மாறிவிட்டது.

உயிரினங்கள் காலங்காலமாக இடம்பெயர்ந்தவைதானே என்பார்கள். கப்பலும் விமானமும் சில நாளில் செய்வதைப் பறவையும் கடலோட்டமும் செய்யப் பல்லாயிரம் ஆண்டு ஆகும். இந்த வாதத்துக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை. நாங்கள் விற்பது காய்க்காத வகை என்கிறது நர்சரித் தொழில். காய்க்காவிட்டாலும் அவற்றில் பலவற்றின் மகரந்தம் வீரியமுள்ளது. காட்டுச் செடியோடு கலந்து அதற்குப் புதிய மரபணுக்களைக் கொடுக்க அது போதும். இன்னொரு அயல் தாவரமான சீமைக் கருவேலத்தை வெட்டுவது ஏழைகளின் பிழைப்பு என்பவர்கள், கரிமூட்டத்துக்கு வெட்டிய அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்ப்பதையும், நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு விதையைப் பரப்புவதையும் பேசுவதில்லை. பிழைப்புக்கு அரசு வேறு வழி காட்டட்டும். ஒருபக்கம் விற்றுக்கொண்டே மறுபக்கம் அகற்றுவதில் பயனில்லை. உண்ணிச்செடியின் எல்லா வகைகளின் விற்பனையையும் தடைசெய்யும் அரசாணை வரும்வரை, அகற்றும் பணிக்கென்று கோரப்படும் புதிய ஒப்பந்தப்புள்ளிகள் அனைத்தையும் நிறுத்திவைக்க வேண்டும்.