எழுதாமல் விட்ட பத்தி

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அறிய அவரிடம் கொள்கை விளக்கம் கேட்க வேண்டியதில்லை. பிரபுவின் முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டார். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பார். ஆயுதம் தூக்க மாட்டார். இப்படி வாழ்ந்து காட்டுவதைத்தான் அவர்கள் சாட்சியம் என்றார்கள். அதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள்.

அதே மக்கள் கடல் கடந்து போய் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். மத சுதந்திரத்துக்காகப் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னிடமே அடிமைகள் இருந்தார்கள். 1688இல் அங்கே ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்டு அடிமைமுறைக்கு எதிராக ஒரு மனு கொடுத்தார்கள். நம்மை யாராவது இப்படிப் பிடித்து விற்றால் ஏற்போமா என்பது அதன் கேள்வி. விஷயம் பாரமானது என்று சொல்லிக் குவேக்கர் சபையின் மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது. ஆண்டுக் கூட்டம் ஒதுக்கி வைத்தது. அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் தீர்மானித்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள்.

குவேக்கர்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. கூட்டம் முழுவதும் ஒரே மனதாகும்வரை காத்திருப்பார்கள். சிறுபான்மைக் குரலை நசுக்காத இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் காத்திருந்தவர்களில் அடிமைகளின் எஜமானர்களும் இருந்தார்கள். அடிமைகளுக்கு அந்தக் கூட்டத்தில் குரலே இல்லை. 1738இல் பெஞ்சமின் லே என்பவர் பர்லிங்டன் ஆண்டுக் கூட்டத்தில் சிவப்புச் சாறு நிரப்பிய பையைப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்து, வாளால் குத்தி, அடிமை வைத்திருந்தவர்கள்மீது இரத்தம்போலத் தெறிக்கவிட்டார். அவரை வெளியே தூக்கிப் போட்டார்கள்.

ஜான் வூல்மன் (1720–1772) என்ற குவேக்கர் வேறு வழியில் போனார். நியூ ஜெர்சியின் மவுன்ட் ஹோலியில் கடைச் சிப்பந்தியாக இருந்த இளவயதில், ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிரயப் பத்திரம் எழுதச் சொன்னார் முதலாளி. வாங்க வந்தவரும் ஒரு முதிய குவேக்கர். வூல்மன் எழுதிக் கொடுத்தார். இது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்றும் சொன்னார். சொன்னதால் மனம் ஆறவில்லை. பின்னொரு நாள், அடிபட்டுப் படுத்திருந்த அண்டை வீட்டுக்காரர் உயில் எழுதக் கூப்பிட்டார். தன்னிடமிருந்த அடிமைப் பெண் எந்தப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதிப் படித்துக்காட்டினார் வூல்மன். எழுதியதற்குக் கூலி வேண்டாம், இதை எழுத மட்டும் என்னால் முடியாது என்றார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் சம்மதித்த பிறகுதான் உயில் முடிந்தது.

இந்தக் காட்சியில்தான் குவேக்கர் சாட்சியத்தின் முழு உருவத்தையும் பார்க்கிறேன். வசை இல்லை, வளைந்து கொடுப்பதும் இல்லை. 1757இல் தெற்கு மாகாணங்களில் பயணம் செய்தபோது, அடிமைகள் உழைக்கும் வீடுகளில் இலவசமாகத் தங்கி உண்ண அவர் மனம் ஒப்பவில்லை. சிறு வெள்ளிக் காசுகளைக் கையோடு கொண்டுபோய், வேலை செய்தவர்களுக்குச் சேர வேண்டும் என்று கொடுத்தார். வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர்கள் கூசினார்கள். அந்தக் கூச்சத்துக்குள்தான் பேச்சு தொடங்கியது. நன்றாக நடந்த தன் வியாபாரத்தைச் சுருக்கிக்கொண்டு தையல் தொழிலோடு நின்றார். சாயமிடாத துணி உடுத்தினார். 1772இல் இங்கிலாந்துக்குக் கப்பலின் கீழ்த்தட்டில் மாலுமிகளோடு போனார். அங்கே குதிரைகளையும் வண்டிப் பையன்களையும் வதைக்கும் கோச்சு வண்டிகளில் ஏறாமல் நடந்தார். அந்த ஆண்டே யார்க் நகரில் பெரியம்மையில் இறந்தார்.

1758 ஆண்டுக் கூட்டத்தில், கடவுளின் நியாயம் தாமதத்துக்குக் காத்திராது என்ற பொருளில் அவர் பேசினார். அதன்பிறகே கூட்டம் அசைந்தது. அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கவும், அடிமை வைத்திருந்தவர்களை நேரில் சென்று சந்திக்கவும் முடிவெடுத்தது. வூல்மனும் வீடு வீடாகப் போனார். ஒருமனப்பட்ட சபையின் பெருமை என்று 1776ஐக் கொண்டாடுவது சரியல்ல. ஒரு சிலர் தங்கள் வசதியை இழந்து சபையை நிம்மதியாக இருக்க விடாததன் விளைவு அது. 88 ஆண்டுகளில் அடிமையாகவே பிறந்து அடிமையாகவே செத்தவர்கள் அந்தத் தாமதத்தின் விலையைக் கட்டினார்கள்.

1776க்குப் பிறகும் கணக்கு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவின் ஆர்ச் தெரு ஆராதனை இல்லத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனி பெஞ்சு இருந்தது. தாயோடு அங்கே போய்வந்த சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற ஆசிரியை அதைக் கடிதங்களில் பதிவு செய்தார். குவேக்கர் சாட்சியத்தின் வரலாற்றில் வூல்மனுக்குத் தரும் இடத்தை அவருக்கும் தர வேண்டும். அடிமைகளை விடுவித்த சபை அவர்களைச் சமமாக உட்காரவைக்கவில்லை என்று அந்தச் சபையிடமே சொன்னவர் அவர்.