பழைய கணப்பு அடுப்புக்குப் புது டைல்ஸ்... ஒட்டும் முன் இதைக் கவனிங்க!

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் பழைய பங்களாக்களின் ஹாலில் செங்கல் கணப்பு அடுப்பை இன்றும் பார்க்கலாம். குளிருக்காக பிரிட்டிஷார் தங்கள் ஊர் வழக்கப்படி கட்டிக்கொண்டது. இன்று பலவற்றிலும் செங்கல் கரிபிடித்து, பூச்சு உதிர்ந்து கிடக்கிறது. இடிக்க மனசு வராது, அப்படியே விடவும் பிடிக்காது. அதனால் செங்கல் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால், இது பாத்ரூம் சுவர் அல்ல, சூடாகிற சுவர்.

முதலில் புகைபோக்கி

அழகு வேலைக்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, அடைப்போ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குருவிக்கூடும் கரிப்படிவும் அடைத்திருந்தால், புகை வீட்டுக்குள்தான் திரும்பும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு விரிசல் தெரிந்தால், மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.

எங்கே ஒட்டலாம்?

அடுப்பின் வெளிமுகப்பிலும் முன்தரையிலும் ஒட்டலாம். விறகு எரியும் உட்குழியில் சாதாரண டைல்ஸ் கூடவே கூடாது. அங்கே தீச்செங்கல்லும் அதற்கான வெப்பம் தாங்கும் கலவையும்தான். முகப்புக்கு செராமிக், போர்சலின், கிரானைட் எல்லாம் சரி. ஸ்டிக்கர்போல ஒட்டும் பிளாஸ்டிக் டைல்ஸ் வேண்டாம். மர அலங்காரமும் தள்ளியே இருக்கட்டும். அடுப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்கின்றன அமெரிக்கக் கட்டட விதிகள்.

செங்கல்லைத் தயார் செய்வது

பாதி வேலை இதுதான். கரியை பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டைல்ஸ் ஒட்டுவது செங்கல்லில் அல்ல, உரியப்போகும் பெயின்ட்டில். உப்புப் பூத்திருந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை. ஆடும் செங்கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். பிறகு, மேடு பள்ளம் மறைய சிமென்ட் பூச்சு பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். ஜிப்சம் போர்டோ பிளைவுட்டோ அடித்து அதன் மேல் ஒட்டுவது ஆபத்து.

ஒட்டும்போது

டப்பாவில் ரெடிமேடாக வரும் பசை சூட்டில் இளகிவிடும். தண்ணீரில் கலக்கும், பாலிமர் சேர்த்த சிமென்ட் பசையை வாங்குங்கள். எவ்வளவு சூடு தாங்கும் என்று மூட்டையில் பார்த்து வாங்குவது முக்கியம். அடுப்பு வாய்க்கு மேலே ரசமட்டம் பார்த்து ஒரு கட்டையை அடித்து, அதன் மேல் முதல் வரிசையை உட்கார வைத்தால் டைல்ஸ் சரியாது. டைல்ஸ்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். ஒரு நாள் கழித்து கிரவுட் அடைக்கலாம்.

முதல் தீ

வேலை முடிந்த அன்றே விறகு அடுக்காதீர்கள். பசையும் கிரவுட்டும் முழுசாக இறுக, மூட்டையில் சொன்ன நாள் வரை காத்திருங்கள். முதலில் சின்னத் தீ, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கணப்பு எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தூங்கப்போகும் முன் தணல் முழுவதும் அணைந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அறையில் மாட்டிவிட்டால் இன்னும் நல்லது.