அண்ணத் தகடு சலுகையன்று

1893ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட 'ஒனைடா' என்னும் உல்லாசப் படகிலே, அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டின் இடப்பக்க மேல்தாடையில் பெரும்பகுதியை வைத்தியர்கள் இரகசியமாக வெட்டியெடுத்தனர். நாடு பண நெருக்கடியில் தத்தளித்த வேளை அது; ஜனாதிபதிக்குப் புற்றுநோய் என்ற செய்தி பரவுவதை அஞ்சினர். வாயின் உள்வழியாகவே வெட்டியமையால் முகத்தில் வடு இல்லை. ஆயின் அண்ணத்தில் விழுந்த ஓட்டையால் அவர் பேச்சு விளங்கவில்லை. கேசன் கிப்சன் என்ற பல் வைத்தியர் றப்பரில் ஓர் அடைப்புச் செய்து பொருத்தினார், குரல் மீண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் உண்மையை வெளியிட்ட பத்திரிகையாளரைப் பொய்யரென்று தூற்றினர். 1917இல், சிகிச்சையிற் பங்குகொண்ட வைத்தியர் கீன் எழுதிய பின்னரே பழி நீங்கிற்று. பத்திரிகைத் தொழிலில் உள்ளோர்க்கு இது புதுமையன்று.

நாட்டின் தலைவருக்குக் கிடைத்த குரல் உழவனுக்கு மறுக்கப்படலாமா என்பதே எமது கேள்வி.

இலங்கையில் ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கிறது. வெற்றிலையும் புகையிலையும் அதற்குப் பெருங் காரணங்கள். புகையிலைத் தோட்டத்தில் உழைக்கும் எம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கன்னத்திலும் நாக்கிலும் வருவோரோடு ஒப்பிடுகையில், மேல்தாடையை இழப்போர் சிறு தொகையினரே. சிறு தொகையினர் என்பதற்காக அவர்தம் உரிமை சிறுத்துவிடாது.

அண்ணம் இழந்தவர் குடிக்கும் கஞ்சி மூக்கால் வழிகிறது. பந்தியில் இருக்கக் கூசுகிறார். காணி வழக்கிற் சாட்சிக் கூண்டேறினால் அவர் சொல் நீதவானுக்கு விளங்குவதில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன்னரே வாயின் அச்சை எடுத்து வைத்தால், சத்திரசிகிச்சை முடியும்போதே முதற் தகட்டைப் பொருத்தலாம். சில நாட்களின் பின் இடைக்காலத் தகடு. புண் ஆறிச் சுருங்கிச் சில மாதங்கள் சென்றபின் நிலையான தகடு. எஞ்சிய பற்களே அதைத் தாங்கும் தூண்கள். அவற்றைப் பிடுங்குவதா காப்பதா என்பதைச் சத்திர வைத்தியரும் பல் வைத்தியரும் முன்கூட்டியே கலந்து முடிவுசெய்தல் வேண்டும். கதிர்ச் சிகிச்சையால் வாய் இறுகுவதுண்டு. வாய் திறக்கும் பயிற்சியைக் கைவிட்டால் தகட்டை உள்ளே நுழைப்பதே அரிதாகிவிடும்.

தாடையை அகற்றுவது சிகிச்சை, தகடு பொருத்துவது தயவு என்ற பாகுபாட்டை நாம் ஏற்கோம். இலவச வைத்தியம் என்பதில் இரண்டும் அடங்கும். வன்னியிலிருந்து பலமுறை வந்துபோகவேண்டிய நோயாளிக்குப் பயணச் செலவும் அதிலே சேரவேண்டும். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும் அதே துண்டில், அதற்கு மேலாக, பல் வைத்தியரைக் காணும் திகதியும் எழுதப்படுதல் வேண்டும்.