நாற்காலிப் பட்டியலில் இல்லாதவர்கள்

போன சித்திரையில் எங்கள் ஆபீசுக்குப் புதுச் சாமான் வாங்குவதென்று முடிவானது. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற சின்னக் கம்பெனி. ஆபீசில் பதினொரு பேர். நான் கணக்குப் பார்க்கிறவன். "ஆளுங்க சௌகரியமா உட்கார்ந்தாத்தான் வேல ஓடும். என்னென்ன வேணும்னு லிஸ்ட் போடுப்பா" என்றார் மேனேஜர். போட்டேன். சுழல் நாற்காலி பதினொன்று. முதுகைத் தாங்குவது, உயரத்தை ஏற்றி இறக்க வருவது, கால் தரையில் பதிகிற மாதிரி. கம்ப்யூட்டர் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தப் பலகை. கண் கூசாத விளக்கு. ஒரு ஏசி. தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின். டீ குடிக்கப் பீங்கான் கப் ஒரு டஜன்.

லிஸ்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு ஆளை விட்டுவிட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த உறைக்காமல் போனதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விட்டுப்போனது, ஆபீசைக் கூட்டித் துடைத்துக் கக்கூஸ் கழுவுகிற அக்கா. டீ வாங்கி வருவதற்கு வேறு ஆள். கக்கூஸ் கழுவுகிற கையால் டீ ஆகாதாம். சூளகிரிப் பக்கத்தில் எங்கள் சேரிக்காரர்தான் அவர். ஊரில் என்னை "டேய் தம்பி" என்பவர் ஆபீசுக்குள் வந்ததும் "சார்" என்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் இரண்டு பேரும் ஒரே தெரு என்பது வெளியே தெரிந்துவிடும். இந்த எல்லைப் பக்கத்தில் மூன்று பாஷை பேசுகிறார்கள். யாவ ஊரு என்று கன்னடத்தில் கேட்பான், ஏ ஊரு என்று தெலுங்கில் கேட்பான், எந்த ஊரு என்று தமிழில் கேட்பான். மூன்றிலும் கேட்கப்படுவது ஊர் அல்ல, தெரு. நான் ஊரைச் சொல்லித் தெருவைச் சொல்லாமல் ஆறு வருஷம் ஓட்டியவன். என்னை "சார்" என்று கூப்பிட்டு அந்த அக்கா காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் செய்த பதில் மரியாதை, லிஸ்டில் பெயர் இல்லாமல் ஆக்கியது.

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்க் கடையிலிருந்து நாற்காலிகள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தவர் அக்கா. கைப்பிடியைத் துடைத்தவர் அக்கா. சக்கரம் உருளுகிறதா என்று தள்ளிப் பார்த்தவரும் அவர்தான். உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நாற்காலி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, மாடிப்படிக்கு அடியில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்றார். நான் டிபன் பாக்சைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார விடாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில் தனியாக உட்கார்ந்து படித்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அந்தச் சாக்கைப் பள்ளியைத் துடைக்கிற ஆள்கூடத் தொடமாட்டார்; அதனால் சாயங்காலம் வீட்டுக்கே தூக்கிப்போக வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்து ஆபீசில் அதிகாரியாக உட்கார்ந்தபோதும் பியூன்கள் ஃபைலைத் தூர நின்று மேசைமேல் வீசினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அடுத்த வருஷம் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கேயும் ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். ஆபீஸ் வசதி, ஆபீஸ் வசதி என்கிறார்களே, இந்த நாட்டில் அந்த வசதியின் சரித்திரம் இந்தச் சாக்கிலும் பானையிலும் தொடங்குகிறது. முதுகுவலி டாக்டர்கள் பிறகு வந்தவர்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். சரி, இந்தக் காலத்தைப் பார்ப்போம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். போட்டோ வெளிவந்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் கண் தெரிந்தது. அதற்கு முன்னால் மேலவளவு. ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு ஜெயித்து வந்ததற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் அவரோடு சேர்ந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு நாற்காலிக்காக ஆளை வெட்டுகிற நாட்டில் நாற்காலி என்பது வெறும் மரச்சாமான் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

கம்பெனிக்காரர்கள் வெட்டுவதில்லை. அவர்களிடம் அதற்கு நாகரிகமான ஒரு சொல் இருக்கிறது: ஸ்டாஃப். ஸ்டாஃப் என்றால் நாற்காலி, ஏசி, பீங்கான் கப். ஸ்டாஃப் இல்லை என்றால் படிக்கட்டு, வெக்கை, பேப்பர் கப். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கேஸ் போடலாம். ஆபீசில் ஒருவருக்குப் பீங்கானும் ஒருவருக்குப் பேப்பரும் கொடுத்தால் அதற்குப் பெயர் சுகாதாரம். குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம். கழுவ வேண்டிய தீட்டே கிடையாது. கக்கூசும் அப்படித்தான். தினம் இரண்டு தடவை அதைக் கழுவுகிறவர் அதில் போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே, புதருக்குப் பின்னால் போக வேண்டும். இதை யாரும் போர்டில் எழுதி மாட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிகிறதே, அதுதான் சாதி.

நிர்வாகப் படிப்புப் படித்தவர்கள் வசதிக்கும் உற்பத்திக்கும் கணக்குப் போடுகிறார்கள். நல்ல நாற்காலி கொடுத்தால் கணக்கன் தப்பில்லாமல் கணக்குப் பார்ப்பான். வெளிச்சம் கொடுத்தால் டைப் அடிக்கிறவருக்குத் தலைவலி வராது. நான் மறுக்கவில்லை. என் இடுப்புவலி குறைந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்கிற இடுப்பு அந்தக் கணக்கில் ஏன் வரவில்லை? உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதுகு இருப்பதைக் கண்டுபிடித்த விஞ்ஞானம், நிற்கிறவளுக்கும் முதுகு உண்டு என்பதை ஏன் கண்டுபிடிக்கவில்லை?

சட்டம் கண்டுபிடித்தது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் பெண்கூட்டு அமைப்பும் துணிக்கடைப் பெண்களுக்காக வருஷக்கணக்கில் போராடி, 2018இல் கேரளத்தில் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் உட்காரும் ஏற்பாடு உண்டு. ஒப்பந்த ஆட்களுக்கும் அந்த வசதியை முதன்மை முதலாளிதான் செய்து தர வேண்டும். ஆனால் ஒப்பந்த ஆட்களுக்கான அந்த அத்தியாயம் ஐம்பது பேர் இருந்தால்தான் பொருந்துமாம். எங்கள் ஆபீசில் இருப்பது ஒரே ஒரு அக்கா. மீதி நாற்பத்தொன்பது பேருக்கு எங்கே போவது?

ஒரு வாரம் கழித்து இரண்டாவது லிஸ்ட் எழுதினேன். நாற்காலி ஒன்று, பீங்கான் கப் ஒன்று, சேலை மாற்றிக்கொள்ளக் கதவு உள்ள இடம், கக்கூஸ் எல்லோருக்கும் பொது. மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஹவுஸ்கீப்பிங் நம்ம ஸ்டாஃபே இல்லப்பா. அது கான்ட்ராக்ட். உனக்கென்ன அவங்க மேல அவ்வளவு அக்கறை?" அந்தக் கேள்வியில் எந்த ஊர், எந்தத் தெரு எல்லாம் இருந்தது. "அவங்க எங்க தெரு, சார். எனக்கு அக்கா முறை" என்றேன். ஆறு வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்தது அது. ஆபீஸ் கொஞ்ச நேரம் அமைதியானது. அன்றிலிருந்து டீ கொண்டுவருகிற பையன் என் கப்பைத் தனியாக வைக்கிறான். யார் சொல்லி வைக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து அக்காவுக்கு ஒதுக்கினார்கள். போட்ட இடம் கக்கூஸ் வாசல். அக்கா உட்காரவில்லை. "அந்த எடத்துல உக்காந்து சோறு துன்றதுக்கு அட்டையே தேவல தம்பி" என்றார். ஆபீசுக்குள் வைத்து, எல்லோர் காதிலும் விழ, தம்பி என்றார்.

தோழர்களே, தொழிற்சங்கத்தில் இருக்கிறவர்கள், ஓசூர்க் கம்பெனிகளில் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள், இதைப் படிக்கிற எழுத்தாளர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். நம்மில் படித்த ஒருவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைப் பிடித்துவிடுகிறான். பிடித்ததும் தெருவை மறைக்கிறான். பயத்தில்தான் மறைக்கிறான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தின் செலவு முழுவதும் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர் தலையில் விழுகிறது. சம்பளம், போனஸ் என்று கோரிக்கை எழுதும்போது நாற்காலியையும் கப்பையும் கக்கூசையும் சேர்த்து எழுதுங்கள். சாமான் லிஸ்ட் எழுதுகிற வேலை உங்களுக்கு வந்தால், கக்கூஸ் கழுவுகிறவர் பெயரை முதலில் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். கான்ட்ராக்ட் என்பார்கள். கழுவுவது யாருடைய கக்கூஸ் என்று கேளுங்கள்.

இந்த மாசம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை நானே தூக்கி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். அக்கா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள் உட்கார்ந்தார். ஒருத்தர் மட்டும் தன் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். போடட்டும். நாற்காலி அங்கேதான் இருக்கிறது.